இலையில் மாவுச்சத்தைக் கண்டறிவது எப்படி: படிகளும் அவற்றின் காரணங்களும்

ஒளிச்சேர்க்கையை உயிரியலிலும், கரைதிறனை வேதியியலிலும், கொதிநிலையை இயற்பியலிலும் தனித்தனியே படிக்கும் மாணவர்கள் இம்மூன்றையும் ஒருசேரக் காணத்தக்க சோதனை, இலையில் மாவுச்சத்து உள்ளதா எனக் கண்டறியும் சோதனையாகும். இதன் படிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒவ்வொரு படியின் காரணத்தையும் அறிந்துகொள்வதே முக்கியம். காரணம் தெரியாதவருக்கு, மாவுச்சத்தைக் காட்டும் அயோடின் கரைசலை இட்டும் இலை கருநீலமாக நிறம் மாறாதபோது பிழை எங்கே நேர்ந்தது என்பதும் தெரியாது.

தொட்டியில் வளரும் செம்பருத்திச் செடி இதற்கு மிகவும் ஏற்றது. வெங்காயத் தாள் உதவாது; அது தயாரிக்கும் உணவை மாவுச்சத்தாக அன்றிச் சர்க்கரையாகவே வைத்திருப்பதால், நல்ல வெயிலில் வளர்ந்திருந்தாலும் அயோடினுக்கு நிறம் மாறாது. தேர்ந்தெடுத்த செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தால், இலைகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்துவிடும். பின்னர் ஓர் இலையின் நடுப்பகுதியை இருபுறமும் கறுப்புத் தாளால் மூடி, செடியைச் சில மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும்.

பறித்த இலையை முதலில் ஒரு நிமிடம் கொதிநீரில் இட வேண்டும். வெப்பத்தால் செல் சவ்வுகள் சிதைவதால், பின்னர் ஆல்கஹாலும் அயோடினும் எளிதில் உள்ளே செல்லும். செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளும் நின்றுவிடும்.

அடுத்தது பச்சையத்தை நீக்கும் படி. மிகுந்த கவனம் தேவைப்படும் படியும் இதுவே. பச்சையம் நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆனால் ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அதை ஒருபோதும் நேரடியாகச் சுடரில் சூடாக்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, இலையும் ஆல்கஹாலும் உள்ள சோதனைக் குழாயைக் கொதித்து இறக்கிய நீருள்ள முகவையில் நிறுத்தினால் போதும். எத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸ். நீரின் கொதிநிலை 100 டிகிரி. ஆகவே சுடர் இல்லாமலேயே, சூடான நீர் ஆல்கஹாலைக் கொதிக்க வைத்துவிடும். சில நிமிடங்களில் ஆல்கஹால் பச்சையாகவும் இலை வெளிறியும் மாறுவதைக் காணலாம்.

இவ்வாறு வெளிறிய இலை விறைத்து, தொட்டால் ஒடியும் நிலையில் இருக்கும். அதை வெந்நீரில் நனைத்தால் மீண்டும் மென்மையாகும். பிறகு வெள்ளைத் தட்டில் விரித்து, நன்கு ஆறவிட்ட பின்னரே அயோடின் கரைசலைச் சொட்டுகளாக இட வேண்டும். மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் மூலக்கூறு சுருள் வடிவானது. அச்சுருளுக்குள் அயோடின் நுழைந்து நிற்பதால்தான் கருநீல நிறம் தோன்றுகிறது. சூட்டில் இந்தப் பிணைப்பு தளர்ந்து நிறம் மறையும். இலை சூடாக இருக்கும்போதே அவசரப்பட்டு அயோடின் இடுவோர் 'மாவுச்சத்து இல்லை' என்று தவறாக எழுத இதுவும் ஒரு காரணம்.

மூடியிருந்த பகுதி பழுப்பாகவும், வெயில் பட்ட பகுதி கருநீலமாகவும் தெரிந்தால், மாவுச்சத்து உருவாக ஒளி தேவை என்று எழுதலாம். பச்சையம் தேவை என்பதற்கு இந்த இலை சான்றாகாது. அதற்கு வெள்ளைத் திட்டுகள் உள்ள வேறோர் இலையை, தாளால் மூடாமல், இதே முறையில் சோதிக்க வேண்டும். ஆல்கஹாலில் இட்ட பின் பச்சைப் பகுதியையும் வெள்ளைப் பகுதியையும் பிரித்தறிய முடியாது என்பதால், அந்த இலையின் திட்டுகளைப் பறித்தவுடனேயே குறிப்பேட்டில் வரைந்துகொள்ள வேண்டும்.