சீரத்துக்குப் பதில் பிளேட்லெட் லைசேட்: மீடியம் உறைந்ததைச் சரிசெய்த விதம்

ஆய்வகத்தில் வளர்க்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்களுக்கு (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடியவை) மீடியத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், 10% கன்றுக்கரு சீரத்தை நிறுத்திவிட்டு 5% மனித பிளேட்லெட் லைசேட் (ரத்தத் தட்டணுக்களை உடைத்து எடுத்த திரவம்) சேர்த்தேன். மறுநாள் ஃபிளாஸ்கைச் சாய்த்தால் மீடியம் ஓடவில்லை. ஜெல்லி போல ஒரே கட்டியாக ஆடியது. பிப்பெட் நுனியில் நூல் நூலாக ஒட்டி வந்தது.

கிருமித் தொற்று இல்லை, ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப் புரதம்). லைசேட்டில் பிளாஸ்மாவின் ஃபைப்ரினோஜென் (ஃபைப்ரினாக மாறும் புரதம்) மிச்சம் இருக்கிறது; மீடியத்தின் 1.8 மில்லிமோலார் கால்சியம் பட்டதும் உறைதல் தொடங்கிவிடும்.

தீர்வு உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின், மி.லி.க்கு 2 யூனிட். 475 மி.லி. மீடியத்தில் முதலில் 1000 யூனிட் (5000 யூனிட்/மி.லி. கரைசல் என்றால் 0.2 மி.லி.) விட்டு நன்றாகக் கலக்குங்கள். அதன் பிறகுதான் 25 மி.லி. லைசேட். இந்த வரிசை மாறவே கூடாது. ஹெப்பாரின் பிந்தினால் அதற்குள் கட்டி விழுந்துவிடும், விழுந்த கட்டியை ஹெப்பாரின் கரைக்காது. உருகிய லைசேட்டில் வெள்ளைத் துகள் தெரிந்தால் முதலில் 3000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றித் தெளிந்ததை மட்டும் எடுங்கள். நேராக 0.2 மைக்ரான் ஃபில்டரில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

பயந்துபோய் ஹெப்பாரினைக் கூட்டாதீர்கள். அது வளர்ச்சிக் காரணிகளோடு (செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்கள்) ஒட்டும். அளவு மீறினால் செல் பெருக்கம் குறையும்.

இன்னொன்று: ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்கள் ஃபைப்ரினோஜென் நீக்கிய லைசேட் வாங்கலாம். இல்லையென்றால் மீடியத்தோடு கலந்து முழுவதும் உறையவிட்டு, குலுக்கி உடைத்து, சுழற்றி, மேல்திரவத்தை வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

லைசேட்டில் செல்கள் மெலிந்து நீளமாகத் தெரியும். ஃபிளாஸ்கிலிருந்து செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் நொதியில் சீக்கிரமே கழன்றுவிடும், பழைய நேரக் கணக்கை நம்பாமல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே நிறுத்துங்கள்.