பெரிய படத்தைத் துண்டாக்கி இணையத்தில் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் வேலைக்குப் புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். முகப்பு, வளவு, பட்டாலைச் சுவர் ஓவியம், ரங்கூன் கடைப் பேரேடு என்று எதையும் விடுவதில்லை. கேமரா நன்றாகவே கைவருகிறது, பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவதும் வந்துவிடுகிறது. சறுக்குவது அதற்குப் பிறகு, படத்தைத் துண்டாக்கும் கட்டத்தில். அதுவும் எல்லாரும் ஒரே இடங்களில்தான்.

கணக்குக்கு ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அகலம் 40 அடி, உயரம் 15 அடி. அங்குலத்துக்கு 150 பிக்சல் வீதம் எடுத்தால் படம் 72,000 × 27,000 பிக்சல், அதாவது சுமார் 194 கோடி பிக்சல். 8 பிட்டில் 5.8 ஜிபி, 16 பிட்டில் 11.6 ஜிபி. இதை எந்த உலாவியும் முழுசாக இறக்காது. அதனால் படத்தைப் பாதியாக, பிறகு அதில் பாதியாக என்று குறுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு மட்டத்தையும் டைல் எனப்படும் சிறு சதுரத் துண்டுகளாக வெட்டி வைக்கிறோம். ஓப்பன்சீட்ராகன் போன்ற காட்டிகள், திரையில் தெரியும் பகுதிக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். கீழ்மட்டங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் மூலத்தைப் போல மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். வெட்டுவதற்கு லிப்விப்ஸ் என்ற படச்செயலாக்க மென்பொருள் போதும். அது படத்தைப் பகுதி பகுதியாக வாங்கிச் செய்வதால் 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியே இந்தச் சுவரைத் தாங்கும்.

படம் மங்கல், ஒளி சாய்ந்திருக்கிறது, வாட்ஸாப்பில் வந்த பிரதியை வைத்து வேலை நடக்கிறது என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால் தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சின்னப் படத்தைத் துண்டாக்குவது

நீளப் பக்கம் 3,000 பிக்சல்கூட இல்லாத படத்துக்கு இந்த வேலையே வேண்டாம்.

சின்னதைப் பெரிதாக்கித் துண்டாக்குவது

இல்லாத கோடு வராது.

மூலப்படத்தை ஜேபெக்காகச் சேமிப்பது

ஜேபெக் கோப்பு ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலுக்கு மேல் தாங்காது. நம் சுவர் 72,000. ஒட்டும் மென்பொருள் இதைச் சில சமயம் தெளிவாகச் சொல்லும், சில சமயம் புரியாத பிழைச்செய்தியோடு நின்றுவிடும். தரம் இழக்காமல் சேமிக்க உதவும் டிஃப் கோப்பிலும், சாதாரண வகைக்கு 4 ஜிபி என்ற வரம்பு உண்டு. எனவே சேமிக்கும்போதே அதன் பெரிய வகையான பிக்டிஃப் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அளவு வரம்புக்குள் அடங்கினாலும் மூலத்தை ஜேபெக்காக வைக்காதீர்கள். துண்டாக்கும்போது அது இன்னொரு முறை ஜேபெக்காகும். சுண்ணாம்புப் பூச்சின் மெல்லிய நிழல்களில் கட்டம் கட்டமாகத் தழும்பு தெரிவது அதனால்தான்.

கலர் புரொஃபைலைத் தொலைப்பது

இதை மட்டும் நீட்டித்தான் எழுதப்போகிறேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் தவறு நடக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் வேறு, அதைத் திருத்தப் போய் கைவைக்கிற இடம் மூன்றாவது ஒன்று.

படத்தில் உள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் பெயர்ச்சீட்டுதான் கலர் புரொஃபைல். அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி, புரோஃபோட்டோ எல்லாம் அதில் வகைகள். நடப்பது இப்படி. கேமரா அடோபி ஆர்ஜிபியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒட்டிய டிஃப்பிலும் அதே புரொஃபைல் பதிந்திருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் திறந்தால் ஆத்தங்குடித் தரையின் சிவப்பு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. திருப்தியோடு லிப்விப்ஸின் டிஇசட்சேவ் கட்டளையில் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டளை தன் இயல்பிலேயே ஒவ்வொரு துண்டிலிருந்தும் கூடுதல் தகவல்கள் எல்லாவற்றையும் உரித்துவிடும், புரொஃபைலையும் சேர்த்து. அதில் குற்றமில்லை, நாற்பதாயிரம் துண்டுகளிலும் ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எழுதுவது வீண். ஆனால் புரொஃபைல் இல்லாத படத்தை உலாவி எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். எண்கள் அடோபி ஆர்ஜிபிக்கு உரியவை, வாசிப்பது எஸ்ஆர்ஜிபியாக. சிவப்பும் பச்சையும் வெளிறிப்போகும்.

உடனே கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. இரண்டு புரொஃபைல்களுக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்றே, ஒளி ஏறும் வளைவும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் வெள்ளை, சாம்பல், கறுப்பு மாறாது. நம் பக்கத்துச் சுவரில் முக்கால்வாசி வெள்ளைதானே. சுண்ணாம்பு சரியாக இருக்கிறது, தூண் சரியாக இருக்கிறது, படமும் சரி என்று ஏற்றிவிடுவார்கள். புரோஃபோட்டோவில் வந்த படமானால் மொத்தமாக இருண்டு மங்கும், அதை யாரும் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். அடோபி ஆர்ஜிபிதான் ஏமாற்றும்.

பிறகு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுத் தரை இப்படியா தம்பி இருக்கு?" என்று கேட்பார். அப்போதுதான் செய்யவே கூடாததைச் செய்கிறார்கள். மூலப்படத்தைத் திறந்து சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றி, அதே பெயரில் சேமித்து, மறுபடி வெட்டுகிறார்கள். இது எந்த வகையிலும் சரிவராது. அந்த இழுவை எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி தூக்கும், புரொஃபைல் போனதால் வந்த பிழையோ நிறத்துக்கு நிறம் வேறு. தரைச் சிவப்பைச் சரிக்கட்டினால் தேக்குக் கதவு ஆரஞ்சாகும். ஏற்கெனவே செறிந்த நிறங்கள் உச்சத்தில் முட்டி, உள்ளே இருந்த தூரிகைக் கோடுகள் தட்டையாகும். துண்டுகள் ஒருவழியாகப் பரவாயில்லை என்று ஆகும்போது, மூலப்படம் பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி ஆகியிருக்கும். நாளைக்கு அதிலிருந்து ஒரு புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்றால் பழைய எண்களைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இன்னொரு கூட்டம் இதைவிடக் கொஞ்சம் தெரிந்தது. புரொஃபைல்தான் சிக்கல் என்று பிடித்துவிடுவார்கள். ஃபோட்டோஷாப்பில் போய் ‘அசைன் புரொஃபைல்’ என்பதில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுப்பார்கள். அசைன் செய்தால் எண்கள் மாறாது, பெயர்ச்சீட்டு மட்டுமே மாறும். உலாவியில் தெரிந்த அதே வெளிறிய நிறம் இப்போது ஃபோட்டோஷாப்பிலும் தெரியும். வேண்டியது ‘கன்வர்ட் டு புரொஃபைல்’. அதுதான் நிறத்தை வைத்துக்கொண்டு எண்களை மாற்றும்.

சரியான வரிசை இது. முதலில் மூலப்படத்தின் தலைப்புத் தகவலை லிப்விப்ஸோடு வரும் விப்ஸ்ஹெடர் கட்டளையால் பாருங்கள். புரொஃபைல் பதிந்திருந்தால் அதன் அளவு பைட்டில் வரும். அடோபி வெளியிட்ட அடோபி ஆர்ஜிபி என்றால் 560, வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்றால் 3,144. அந்த வரியே இல்லையென்றால் வெட்டாதீர்கள், படமெடுத்தவரிடம் கேமரா எந்த அமைப்பில் இருந்தது என்று கேளுங்கள். அடுத்து, 16 பிட்டில் இருக்கும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்த மாற்றத்தின் முடிவாக 8 பிட்டுக்கு இறக்குங்கள். முதலில் 8 பிட்டாக்கிவிட்டுப் பிறகு நிறம் மாற்றினால், வெள்ளைச் சுவரில் ஒளி மெல்ல விழும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். விப்ஸின் ஐசிசி டிரான்ஸ்ஃபார்ம் இரண்டையும் ஒரே நடையில் செய்துவிடும். உள்ளே பதிந்த புரொஃபைலைப் பயன்படுத்து என்ற தேர்வை மட்டும் கொடுக்க மறக்க வேண்டாம். முடிவைப் புதுக் கோப்பாக எழுதுங்கள். மூலத்தின் மேல் எழுதவே கூடாது. துண்டாக்குவது அந்தப் புதுக் கோப்பிலிருந்து.

சோதனைக்கும் கண்ணை நம்ப வேண்டாம். 24 கட்டம் உள்ள நிற அட்டையைச் சுவரின் ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்திருப்பீர்கள். அதையும் இதே வழியில் துண்டாக்கி, சிவப்புக் கட்டம் விழுந்த துண்டைத் திறந்து எண்ணைப் பாருங்கள். ஒளியளவு சரியாக இருந்தால் எஸ்ஆர்ஜிபியில் 175, 54, 60 ஐ ஒட்டி வர வேண்டும். முதல் எண் 150 பக்கம் நின்றால் அடோபி ஆர்ஜிபி எண்கள் மாறாமல் அப்படியே வந்திருக்கின்றன என்று பொருள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நாற்பதாயிரம் கோப்பை ஏற்றிவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு நாள் போகும், அதுவும் மின்சாரமும் இணையமும் ஒத்துழைத்தால்.

ஒட்டுப்படத்தின் ஓரம்

ஒட்டிய படத்தில் காலியான ஓரங்கள் ஒளிபுகும் அடுக்காக இருக்கும். ஜேபெக்கில் அந்த அடுக்குக்கு இடமில்லை, வெட்டினால் ஓரம் கறுப்பாகும். முன்பே வெள்ளை நிரப்புங்கள்.

பட்டையாக அடுக்கிய டிஃப்பைச் சர்வரில் வைப்பது

தனித்தனித் துண்டுகள் வேண்டாம், ஒரே டிஃப்பை வைத்து, கேட்ட பகுதியை மட்டும் வெட்டித் தரும் ஐஐஐஎஃப் சர்வர் வழியாகக் காட்டுகிறோம் என்பவர்கள் உண்டு. நல்ல வழிதான். ஆனால் அந்த டிஃப்புக்குள்ளே துண்டுகளும் மட்டங்களும் இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப் தரும் டிஃப் வரி வரியாக அடுக்கியது. நம் சுவரில் ஒரு வரி 216 கேபி. 256 பிக்சல் சதுரம் ஒன்றைக் காட்ட, இறுக்கிச் சேமித்த அந்தக் கோப்பில் 256 வரிகளையும் இடமிருந்து வலம் முழுக்க அவிழ்க்க வேண்டும், 55 எம்பி. துண்டாக அடுக்கியிருந்தால் அவிழ்க்க வேண்டியது 200 கேபிக்கும் குறைவு. முழுச் சுவரையும் சிறிதாகக் காட்டச் சொன்னாலோ, மட்டங்கள் இல்லாத கோப்பில் 5.8 ஜிபியையும் வாசித்தாக வேண்டும். சர்வர் சரியில்லை என்று ஹோஸ்டிங்காரரிடம் சண்டை போடுவதற்கு முன்னால் கோப்பைப் பாருங்கள். லிப்விப்ஸின் டிஃப்சேவ் கட்டளையில் டைல், பிரமிட், பிக்டிஃப் மூன்றையும் கொடுத்து மறுபடி எழுதினால் முடிந்தது.

கண்டாங்கிக் கட்டம் நெளிவது

கண்டாங்கிச் சேலையைப் படமெடுத்து ஏற்றினால், முழு அளவில் கட்டங்கள் நேராக இருக்கும், சற்று விலகிப் பார்த்தால் அலை அலையாக நெளியும். குறுக்கும்போது நான்கில் ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கியெறியும் முறையே காரணம். மெல்லிய கோடு ஓரிடத்தில் அகப்படும், அடுத்த இடத்தில் தப்பிவிடும். ஆத்தங்குடித் தரையிலும் இதே சிக்கல் வரும்.

லிப்விப்ஸ் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுப்பதால் அதில் அவ்வளவாக வராது. ட்ரோனில் எடுத்த ஊர்ப் படத்துக்கும் பழைய சர்வே வரைபடத்துக்கும் ஜிடால் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அதன் கீழ்மட்டம் சேர்க்கும் கட்டளை, ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்துப் பிக்சலை அப்படியே எடுக்கும். ‘ஆவரேஜ்’ என்று சொல்ல வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஊருணிக்கு 1, வீட்டுக்கு 2, தெருவுக்கு 3 என்று எண்ணால் குறித்த வரைபடமாக இருந்தால் சராசரி எடுக்கக் கூடாது. ஊருணிக்கும் தெருவுக்கும் நடுவில் இல்லாத வீடு முளைத்துவிடும்.

சிவப்பு மைக் கோடு கலங்குவது

பேரேட்டின் சிவப்புக் கோடுகளும் சேலையின் மெல்லிய கரையும் பெரிதாக்கினால் இருபுறமும் கசிந்த மாதிரி தெரியும். ஜேபெக் நிறத் தகவலைப் பாதி அளவில் சேமிப்பதால் வருவது. லிப்விப்ஸில் தர எண் 90க்குக் கீழே இருந்தால் இது தானாக நடக்கும். தர எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம், கோப்புதான் பெருக்கும். 85இலேயே வைத்து நிறக்குறைப்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவருக்கு இந்தக் கவலையே இல்லை.

பெயரை மாற்றுவது

டிஇசட்சேவ் இயல்பாக எழுதும் டீப்ஸூம் முறையில் ஒரு சிறு விவரக்கோப்பும், அதே பெயரோடு ‘_ஃபைல்ஸ்’ சேர்ந்த ஒரு கோப்புறையும் வரும். ஒன்றின் பெயரை மாற்றி மற்றதை விட்டால் படம் வராது. பின்னொட்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் விண்டோஸில் ஓடும், லினக்ஸ் சர்வரில் ஓடாது.

இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்ப்பது

பக்கத்தை நேராக வட்டிலிருந்து திறந்தால் உலாவி பாதுகாப்புக்காக விவரக்கோப்பைப் படிக்க விடாது, திரை காலியாக நிற்கும். பைத்தானோடு வரும் சிறு சர்வரை ஓட்டிப் பாருங்கள்.

துண்டுகளை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோவது

துண்டுக்கு 254 பிக்சலும் ஓரத்துக்கு 1 பிக்சல் மேல்படிவும் என்ற வழக்கமான கணக்கில், நம் சுவரின் மேல்மட்டத்துக்கு மட்டும் 284 × 107, அதாவது 30,388 துண்டுகள். எல்லா மட்டமும் சேர்த்து 40,000க்கு மேல். துண்டுக்குச் சராசரி 20 கேபி என்றால் மொத்தம் 800 எம்பிதான். ஆனால் 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக வடிவமைத்தால், ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது 128 கேபி இடம் ஒதுக்கும். 800 எம்பி 5 ஜிபியாகும், நகலெடுக்க மதியம் முழுக்க ஓடும். டிஇசட்சேவிலேயே ஜிப்பாக எழுதும் வசதி இருக்கிறது. ஒரே ஜிப்பைக் கொண்டுபோய் சர்வரில் பிரிக்கலாம். துண்டை 510 பிக்சலாக்கினால் மொத்தம் பத்தாயிரம் அளவுக்கு இறங்கும், கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் மலிவு ஹோஸ்டிங்குக்கு அதுவே உத்தமம். ஜிப்பைப் பிரித்தபின் கோப்புகளை எண்ணிப் பார்த்து, இங்கே இருந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்ற ஏற்றத்தில் விடுபடுவது பெரும்பாலும் கடைசி மட்டத்து, அதாவது முழு அளவுத் துண்டுகள். தொலைவிலிருந்து பார்க்கும்போது அது தெரியவே தெரியாது.