படகில் மீன்பிடிக்க நீர்புகாக் காலணி: பார்த்து வாங்குவது எப்படி?

தூத்துக்குடியிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ ஃபைபர் வள்ளத்தில் கடலுக்குப் போகும் மீனவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். சிறு வயது முதல் ஆடும் பலகையில் நின்று பழகிய அவர்களுடைய கால்விரல்கள் தாமாகவே விரிந்து பிடித்துக்கொள்ளும். விடுமுறை நாளில் தூண்டிலும் கையுமாகப் படகேறும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கால் வாய்க்கவில்லை. ஆகவே காலணி தேவைப்படுகிறது. கடைக்காரர் எந்த ஜோடியைக் காட்டினாலும் “தண்ணீர் புகாது” என்பதையே முதலில் சொல்வார். என் கணக்கில் அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. வழுக்காமல் இருக்கிறதா, அவசரத்தில் கழற்ற முடிகிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே நீர் புகாமையைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் காலணியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். வயலுக்கும் கட்டட வேலைக்கும் விற்கப்படும் கம்பூட்டுகளின் அடியில் கட்டை கட்டையாக ஆழமான பற்கள் இருக்கும். அவை சேற்றில் அழுந்திப் பிடிப்பதற்காக வார்க்கப்பட்டவை. வழவழப்பான ஃபைபர் தளத்தில் அந்தப் பற்களின் நுனி மட்டுமே படுவதால், மீனின் கோழையும் இரத்தமும் கலந்த நீரில் அவை சறுக்கிவிடும். போதாக்குறைக்கு, மீன் செதிலும் அறுந்த தங்கூஸ் எனப்படும் நைலான் தூண்டில் நரம்பும் அந்த இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். படகுக்கு ஏற்ற அடிப்பகுதி ஏறத்தாழத் தட்டையாக, மென்மையான ரப்பரால் ஆனதாக, பிளேடால் கீறியதைப் போன்ற நெருக்கமான அலைக்கோடுகளோடு இருக்கும். பால் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர் தம் படகில் வழுக்கி விழுந்த பிறகு, தம்முடைய நாய் பனிக்கட்டியின் மேல் சறுக்காமல் ஓடுவதைக் கவனித்து, அதன் பாதத்தில் இருந்த வெடிப்புகளைப் போலவே ரப்பரில் கீறிப் பார்த்து 1935இல் உருவாக்கிய காலணியிலிருந்து பரவிய முறை இது. கால் மடங்கும்போது அந்தக் கீறல்கள் திறந்து, தளத்தில் உள்ள நீருக்கு ஒதுங்க இடம் கொடுக்க, அவற்றின் விளிம்புகள் தளத்தைப் பற்றிக்கொள்கின்றன. கட்டைவிரல் நகத்தால் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். சிறிதும் அமுங்காமல் கல்லாக இருந்தால் அந்த ஜோடியை விட்டுவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, டைல்ஸ் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு, ஒரு காலை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது. பிறருடைய படகில் போகிறவர்கள், வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கோடு போடாத வெளிர்நிற அடிப்பகுதியாகத் தேர்ந்தெடுத்தால் படகுக்காரரின் முணுமுணுப்பிலிருந்து தப்பலாம்.

உயரத்தை முடிவு செய்வதற்கு, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசித்தால் போதும். துறைமுகத்தில் ஏறி, படகில் நின்றபடி தூண்டில் போடுபவருக்கு அலைத் தெறிப்பும் தளத்தில் ஓடும் நீரும்தான் வரும். கணுக்காலை மூடும், ஏறக்குறைய 15 செ.மீ. உயரமுள்ள பூட்ஸ் அதற்குப் போதுமானது. வலை இழுப்பவர்களும் ஐஸ் பெட்டியோடு வேலை செய்பவர்களும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் உயரமான பூட்ஸை வாங்கலாம். கடற்கரை மணலிலிருந்து தொடையளவு தண்ணீரில் நடந்துபோய் ஏற வேண்டிய ஊர்களில் எந்தப் பூட்ஸும் உதவாது, ஏனென்றால் மேல் வாய் வழியாக உள்ளே இறங்கிய நீர் நாள் முழுக்க அங்கேயே தங்கிவிடும். அத்தகைய இடங்களில் விரல்களை மூடியபடி நீரை வெளியேற்றும் துளைகளுள்ள காலணியே சரி. விரல்களை மூடியிருப்பது மட்டும் எங்கே போனாலும் கட்டாயம். தளத்தில் துள்ளும் கெளிற்றின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் நச்சுடையவை; செருப்பணிந்த காலில் அவை எளிதாக ஏறும். பூட்ஸ் இந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர, பெரிய திருக்கையின் முள்ளைத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

பொருளைப் பொறுத்தவரை, பி.வி.சி. விலை மலிவானது, ஆனால் கனமும் விறைப்பும் அதிகம். இயற்கை ரப்பர் நன்றாக வளைந்து கொடுக்கும். டீசலும் எண்ணெயும் பட்டால் ஊதிக் கெடும், வெயிலில் கிடந்தால் வெடிக்கும். இ.வி.ஏ. நுரையில் செய்தவை மிக எடை குறைந்தவை, நீரில் மிதப்பவை, எனினும் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் சுருங்கி அளவே மாறிவிடும். குளிர் தாங்கும் செயற்கை ரப்பரான நியோபிரீன் உறையிட்ட பூட்ஸ் அலாஸ்காவுக்கும் நார்வேக்கும் பொருத்தம். மன்னார் வளைகுடா வெயிலில் அதை அணிவது காலை வேக வைப்பதற்குச் சமம். இந்தியாவில் ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்ற தர எண்கள் உள்ளன, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

அளவு விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு எண் பெரிதாக வாங்கிப் போனதில், ஆடும் படகில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் குதிகால் உள்ளே ஏறி இறங்கி, நண்பகலுக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் கண்டு, கரை சேரும்வரை படகின் பின்பகுதியான அமரத்தில் உட்கார்ந்தே வந்தேன். கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், கடைக்கு மாலையில் போய், கடலுக்கு அணியப் போகிற அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். பாதத்தின் மேற்பகுதி இறுக்கமில்லாமல் பிடிபட வேண்டும். நடக்கும்போது குதிகால் இலேசாக மட்டுமே எழ வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், பாலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ கலந்த காலுறை நல்லது. மாற்று ஜோடி ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீர் புகாத காலணி வியர்வையையும் வெளியே விடாது, சேற்றுப்புண் தொடங்குவது அந்த ஈரத்தில்தான்.

கடலில் விழுந்தால் பூட்ஸில் நீர் நிறைந்து அடியில் இழுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உள்ளே நிறைந்த நீர் கடலுக்குள் இருக்கும்வரை கூடுதலாகக் கனக்காது. நீந்துவதற்குத்தான் இடைஞ்சல் செய்யும். உண்மையான சிக்கல், படகில் திரும்ப ஏற முயலும்போது அந்த நீர் முழுவதையும் காலோடு தூக்க வேண்டியிருப்பதில் இருக்கிறது. ஆகவே கடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, கையைப் பயன்படுத்தாமல் ஒரு காலால் மற்றதன் குதிகாலை மிதித்துக் கழற்ற முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாத ஜோடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காலணி எதுவானாலும் உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருந்தாக வேண்டும்.

கரைக்கு வந்ததும் நன்னீரில் கழுவி, உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் காய வையுங்கள். விசைப்படகில் வேலை செய்பவர்களுடைய பூட்ஸ், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் மூலையில் கிடந்திருக்கும். மறுபடி கடலுக்குப் போவதற்கு முந்தின இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறிய டார்ச்சை உள்ளே விட்டுப் பாதம் மடங்கும் இடத்தை வளைத்துப் பாருங்கள். குண்டூசி முனையளவு வெளிச்சம் கசிந்தாலும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.