மீன் பிடிக்கும் கடைசி அரை மணி நேரம்

மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீனின் சதை, பிடிக்கும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் கெட்டுப் போகலாம்.

வலைக்குள் நெருக்கியடித்துத் துள்ளும் மீன், தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை மளமளவென்று எரித்துவிடும். ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேரும். உயிருள்ள மீன் தசையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; இறங்கினால் அமிலம் கூடுகிறது) 7-க்குச் சற்று மேலே இருக்கும். துடித்துச் செத்த மீனில் அது சட்டென்று இறங்கும், விறைப்பும் சீக்கிரமே வந்துவிடும். அப்புறம் துண்டு போடும்போது பாருங்கள்: விரலால் அழுத்தினால் சதை மெத்தென்று அமுங்கும், அடுக்கடுக்காகப் பிளக்கும், தட்டில் நீர் கசியும்.

அதனால் ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். கையாள முடிகிற அளவு மீனை மட்டும் ஒதுக்குங்கள், அந்த இடத்தில் காற்றூட்டி ஓடட்டும். தண்ணீரை விட்டு எடுத்ததும் தலையில் ஒரே அடியாக அடித்து உணர்விழக்கச் செய்துவிட வேண்டும். உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு, ஐஸில் வையுங்கள். உயிரோடு ஐஸில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல நிமிடம் துடித்துத்தான் சாகும், பாவம்.