மலிவான ரயில் கட்டணம் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் கட்டணத்தைத் தூரம்தான் தீர்மானிக்கிறது என்ற பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவதே, மலிவான பயணச்சீட்டு கைக்கு எட்டாமல் போவதற்கு முதற்காரணம். இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து, மலிவு அடுக்கு தீரத் தீர அடுத்த அடுக்கை விற்கும் விமான நிறுவனங்களின் முறைக்கு ரயில் நிறுவனங்கள் மாறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிரான்ஸின் அரசு ரயில் நிறுவனமான எஸ்.என்.சி.எஃப்., அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உருவாக்கிய சேபர் முன்பதிவு மென்பொருளைத் தழுவி, சோக்ரட் என்ற முறையை 1993-இல் கொண்டுவந்தது. தொடக்கக் குளறுபடிகளுக்காகப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாலும் அந்த விற்பனை முறை நிலைத்துவிட்டது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் அறிமுகமான நெகிழ்கட்டணத்தில், ஒவ்வொரு பத்து சதவீத இருக்கைகள் விற்றுத் தீரும்போதும் பெரும்பாலான வகுப்புகளின் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறி, ஒன்றரை மடங்கு வரை செல்லும் வகையில் விதி வகுக்கப்பட்டது. அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருந்தால், அது யாரோ செய்த பிழையன்று, ஏற்பாடே அப்படித்தான்.

முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்பதும் பாதி உண்மைதான். சலுகைச் சீட்டுகள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே தேடுபவருக்கு, முழுக்கட்டணம் மட்டுமே திரையில் தெரியும். இதுதான் விலை போலிருக்கிறது என்று பதறி வாங்கிவிடுபவர்கள் பலர். பிரிட்டனில் முன்கூட்டியே வாங்க வேண்டிய ‘அட்வான்ஸ்’ என்ற மலிவுச் சீட்டுகள் பொதுவாகப் பயணத்திற்குச் சுமார் 12 வாரங்களுக்கு முன்புதான் வெளிவருகின்றன. தண்டவாளப் பணிகள் நடக்கும் வார இறுதிகளுக்கு இன்னும் தாமதமாகலாம். இந்தியாவில் 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஆகவே தன் வழித்தடத்தில் விற்பனை என்றைக்குத் திறக்கிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருப்பது இதைவிட மோசமான கணக்கு. மலிவு அடுக்கு ஒருமுறை விற்றுத் தீர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்ததுதான்.

குடும்பமாகவோ குழுவாகவோ செல்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவு அடுக்கில் மூன்று இருக்கைகளே மீதமிருக்கும்போது நால்வருக்குச் சேர்த்துத் தேடினால், பல முன்பதிவு முறைகள் நால்வருக்கும் அடுத்த அடுக்கின் விலையையே காட்டும். பயணிகள் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துத் தேடி, பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால், விலை எந்த இடத்தில் தாவுகிறது என்பது தெரிந்துவிடும்; மூவருக்கு ஒரு முறையும் ஒருவருக்குத் தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம். இருக்கைகள் பக்கத்துப் பக்கத்தில் அமையாமல் போகலாம் என்பது ஒரு குறை. குழுச் சலுகை இருக்கிறதா என்று பார்க்காமல் இப்படிப் பிரிக்கவும் கூடாது. பிரிட்டனில் மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து சென்றால், பல நிறுவனங்களின் நெரிசலற்ற நேரச் சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இணைய உலாவியில் தேடிய வரலாற்றை அழித்துவிட்டு மீண்டும் தேடினால் விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு அதிக இடம் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது விலை ஏறியிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் வேறு யாரோ வாங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தை இன்னொரு நிறுவனத்தின் தளத்தைப் பார்க்கச் செலவிடலாம். இத்தாலியில் 2012 முதல் இத்தாலோ நிறுவனமும், ஸ்பெயினில் 2021 முதல் உய்கோ நிறுவனமும் 2022 முதல் இர்யோ நிறுவனமும் அந்தந்த நாட்டு அரசு நிறுவனத்தின் ரயில்களுடன் ஒரே பாதையில் போட்டியிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் தளம் போட்டியாளரின் மலிவுச் சீட்டைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பயணத்தை இரண்டு மூன்று சீட்டுகளாகப் பிரித்து வாங்குவது பிரிட்டனில் முறையாக அனுமதிக்கப்பட்ட வழி. காலை நெரிசல் நேரத்தில் ஏறும் ரயில், அந்த நேரம் முடிந்தபின் நடுவழி நிலையம் ஒன்றை அடைகிறது என்றால், அங்கிருந்து அப்பால் நெரிசலற்ற நேரச் சீட்டு செல்லுபடியாகலாம். ரயிலைவிட்டு இறங்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த நிலையத்தில் ரயில் நின்று செல்ல வேண்டும், வெறுமனே கடந்து போனால் போதாது என்ற விதியை மறந்துவிடக் கூடாது. இதே உத்தியை வேறு நாடுகளில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதும் தவறு. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் முதல் ரயில் தாமதித்து அடுத்த ரயில் தவறினால், நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம்; அப்போது மிச்சம் பிடித்ததைப் போல் இரு மடங்கு கைவிட்டுப் போகும்.

கட்டணத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் படிக்காமல் பணம் கட்டுவதால் வரும் இழப்பே மிகுதி என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் ‘சூப்பர் ஸ்பார்பிரைஸ்’ என்ற மலிவுச் சீட்டை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெற முடியாது. அதோடு, குறித்த ரயிலில் மட்டுமே ஏறலாம். பிரிட்டனின் அட்வான்ஸ் சீட்டில் வழியில் இறங்கிப் பயணத்தை முடித்துக்கொள்வதுகூட விதிமீறலே. பயண நேரம் மாறக்கூடும் என்று தெரிந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல் விலையுள்ள சீட்டே உண்மையில் மலிவு.

பாஸ்களும் சலுகை அட்டைகளும் இருந்தால் எப்போதும் லாபம் என்பதும் சரியன்று. ஜப்பானின் தேசிய ரயில் பாஸ் 2023 அக்டோபரில் ஏறத்தாழ 70 சதவீதம் விலை ஏறிய பிறகு, இரண்டு மூன்று நகரங்களை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தனிச் சீட்டுகளே பெரும்பாலும் சிக்கனமாகிவிட்டன. பல ஐரோப்பிய நாடுகளில் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் கையில் இருந்தாலும், லண்டனை ஐரோப்பிய நகரங்களுடன் இணைக்கும் யூரோஸ்டார் ரயிலிலும் பிரெஞ்சு அதிவேக ரயில்களிலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பாஸ் வைத்திருப்போருக்கான இடங்களும் குறைவு. ஜெர்மனியின் ரயில் கட்டணச் சலுகை அட்டையான வழக்கமான பான்கார்டு (BahnCard), குறித்த காலத்திற்குள் எழுதி நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்பட்டு அடுத்த ஆண்டுக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், வாங்கிய நாளிலேயே நிறுத்துவதற்கான கடைசித் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாகப் பதிந்துவைப்பது நல்லது.