ஒற்றைக்குழல் துப்பாக்கி வெடிக்கவில்லையா, காலித் தோட்டா வெளியே வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

விசையை அழுத்தினீர்கள், 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நொடியில் கை தானாகவே துப்பாக்கியைத் திறக்கப் போகும். திறக்காதீர்கள். குழல் சுடும் திசையிலுள்ள மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும், நிதானமாக அறுபது வரை எண்ணுங்கள். முப்பது போதும் என்று சொல்பவர்கள் உண்டு, நான் அறுபது எண்ணுவேன். தோட்டாவின் அடி நடுவில், துப்பாக்கியின் ஊசி குத்தும் சின்ன மூடிதான் கேப். அது பற்றிக்கொண்டும் உள்ளே மருந்து ஈரமாக இருந்தால் நெருப்பு தாமதமாகத்தான் பிடிக்கும், அதற்குள் நீங்கள் திறந்துவிட்டால் தோட்டாவைச் சுற்றி இருந்த இரும்புச் சுவர் இல்லாமல் அது உங்கள் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

எண்ணி முடித்த பிறகு முகத்தை ஒதுக்கிக்கொண்டு திறந்து, அந்தத் தோட்டாவைத் தனியாக வையுங்கள், சட்டைப் பையில் போடாதீர்கள். அப்புறம் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இதை ஒருபோதும் விடக்கூடாது. அதுவும் 'டிக்' என்று இல்லாமல் 'புஸ்' என்று பலவீனமாக ஒரு சத்தம் வந்திருந்தால், மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பானோ, ரவையோ குழல் நடுவில் சிக்கி நிற்கலாம், அதன் பின்னால் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும், குழலைத் தாங்கும் இடது கை அங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் வேட்டைக்காக எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. ஆனால் அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் என்று லைசென்ஸோடு பெங்களூரைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன, குடகுப் பக்கம் போனால் இன்னும் அதிகம், செப்டம்பரில் கைல்போள்து என்ற ஆயுதத் திருவிழா அன்று அவற்றைத் துடைத்து வைத்துப் பூஜையே செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இருப்பது ஆனேக்கல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனாருடைய 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு), ஊசியைத் தட்டும் ஹேமர் வெளியே தெரியும் பழைய ஒற்றைக்குழல். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தத் துப்பாக்கி கற்றுத் தந்தது.

சரி, வெடிக்காத தோட்டாவின் கேப்பைப் பாருங்கள். ஊசி குத்திய பள்ளம் நடுவில், நல்ல ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவுடையது: ஈரமோ, பழையதோ. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் குற்றம் துப்பாக்கியுடையது. பள்ளமே இல்லையென்றால் ஊசி முனை உடைந்திருக்கலாம், ஊசி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஓரமாகக் குத்தியிருந்தால் கீல் தேய்ந்து குழல் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. 'ஆழம்' என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். துப்பாக்கி நன்றாக வேலை செய்யும்போதே அதில் சுட்ட காலித் தோட்டா ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சந்தேகம் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து விரல் நுனியால் தடவினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு தடவை குத்து வாங்கிய தோட்டாவை மறுபடி போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, நான் அதைச் செய்வதில்லை.

எங்களுடையதில் பள்ளம் மேலோட்டமாக இருந்தது. டிசம்பர் மாதம், காலை ஏழு மணி, சுடும் பயிற்சி ரேஞ்சில் மூன்று தோட்டா போட்டு மூன்றும் 'டிக்'. ஸ்பிரிங் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அதே துப்பாக்கி, அதே பெட்டியிலிருந்து எடுத்த வேறு தோட்டாக்கள், எல்லாமே வெடித்தன! வீட்டுக்கு வந்து மாமாவிடம் என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "தேங்காய் எண்ணெய்தான் மாப்பிள்ளை, எங்கப்பா காலத்திலிருந்து அதுதான்" என்றார். அங்கேதான் விஷயமே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 16 டிகிரி சாதாரணம். குளியலறை பாட்டிலில் காலையில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள், அதே எண்ணெய் ஊசி ஓடும் துளைக்குள்ளும் உறைந்துதானே நிற்கும். ஹேமரின் வேகமெல்லாம் அந்தப் பசையைத் தள்ளுவதிலேயே தீர்ந்துபோய், கேப்பில் மெல்லிய தட்டுதான் விழுகிறது. உறையாத காலத்திலும் அது காற்றுப் பட்டுப் பட்டு, தூசியோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும்.

சுத்தம் செய்யும் முறை சுலபம். முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியான சேம்பருக்குள் விரல் விட்டுக் காலி என்று உறுதி செய்யுங்கள், தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். மீதியில், குழலின் பின்பக்கம் வந்து மோதும் தட்டையான முகத்தில் ஊசித் துளை தெரியும். அதில் மினரல் டர்பன்டைன் நாலைந்து சொட்டு விடுங்கள், பெயின்ட் கடையில் கிடைக்கும். ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு தீக்குச்சியால் ஊசியை உள்ளே தள்ளித் தள்ளி விடுங்கள், அது எங்கேயும் ஒட்டாமல் ஓட வேண்டும். அழுக்கு பழுப்பாக வழியும், துடைத்துத் துடைத்து, வழிவது தெளிவாகும்வரை செய்யுங்கள், மரக்கட்டையில் பட்டால் பாலிஷ் போய்விடும் என்பதால் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. சிக்பேட்டையில் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். இரண்டாவது சொட்டு வேண்டாம், அதிக எண்ணெய் வழிந்து கேப்புக்குள் இறங்கினால் நல்ல தோட்டாவும் கெட்டுப்போகும். ஹேமரைச் சோதிக்க வெறும் சேம்பரில் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஊசி முனைக்கு ஆகாது, மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுத் தட்டுங்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்துவிட்டு வரும். ஒருமுறை எங்களுடையது திரும்பி வந்தபோது சேம்பர் ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு பிடித்திருந்தது. திரும்பி வந்த துப்பாக்கியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இந்தச் சுத்தம் செய்யாமல் லோடு செய்யாதீர்கள். தோல் உறையிலோ கேன்வாஸ் உறையிலோ நிரந்தரமாக வைக்கவும் வேண்டாம், மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஈரமான தோட்டாவை வெயிலிலோ அடுப்புப் பக்கமோ காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வெடிமருந்து அப்பளம் இல்லை.

இனி, சுட்ட தோட்டா வெளியே வராத விஷயம். ஒற்றைக்குழலில் எக்ஸ்ட்ராக்டர் என்பது தோட்டாவின் விளிம்புக்கு அடியில் உட்காரும் சின்ன இரும்பு நாக்கு, துப்பாக்கியைத் திறக்கும்போது அது தோட்டாவைச் சில மில்லிமீட்டர் தள்ளிக்கொடுக்கும், மீதியை நீங்கள் விரலால் எடுக்கலாம். சுடாத தோட்டா தன் எடையிலேயே உள்ளே வழுக்கிப் போய், குழலைச் சாய்த்தால் வெளியே வருகிறதா என்று பாருங்கள். அதுவே சிக்கினால் சேம்பரில் அழுக்கு, அல்லது தோட்டா ஈரத்தில் ஊதியிருக்கிறது. பழைய காகித உறைத் தோட்டாக்களில் இது சகஜம். சுடாதது சுலபமாக வந்து, சுட்டது மட்டும் சிக்கினால் காலித் தோட்டாவின் உடம்பைப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் இருந்தால் சேம்பர் துருவால் சொரசொரப்பாகிவிட்டது. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கடிபட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருக்கிறது. கீறலும் இல்லை, கடியும் இல்லை, ஆனால் தலை பித்தளை மாதிரி தெரிந்தும் காந்தத்தில் ஒட்டுகிறதா? அது முலாம் பூசிய இரும்பு. பித்தளை வெடித்து விரிந்ததும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும், இரும்பு அவ்வளவு சுருங்காது, பழைய சேம்பர்களில் அது பிடித்துக்கொள்ளும். வேறு தோட்டா வாங்கினாலே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, பழைய இங்கிலீஷ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றின் சேம்பர் 65 மி.மீ., இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. தோட்டாவின் வாயிலுள்ள மடிப்பு மூடியிருக்கும்போது குட்டையாக இருப்பதால் அது உள்ளே ஒழுங்காகப் போய்விடும், சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தோட்டா சிக்குவது அதற்கு ஓர் அறிகுறி. குழலின் அடிப்பக்கம் முத்திரைகளோடு அளவும் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள், புரியவில்லை என்றால் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால் அதன் தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். 20 போர் தோட்டா 12 போர் சேம்பரில் வழுக்கி முன்னால் போய் மறைந்து நிற்கும், காலி என்று நினைத்து 12 போட்டால் குழல் வெடிக்கும்.

சேம்பரைச் சுத்தம் செய்ய 12 போர் பித்தளை பிரஷும் அதே டர்பன்டைனும் போதும். பிளாஸ்டிக் உறை உருகிப் படிந்த வளையம் பத்துப் பதினைந்து தேய்ப்பில் போய்விடும், உப்புத்தாள் மட்டும் கூடாது. சுடுவதற்கு முன் சேம்பரை உலர்ந்த துணியால் துடையுங்கள். எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் சேரும் கரித்தூளைப் பல்குச்சியால் எடுங்கள், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அது சேர்ந்தால் நாக்கு முழுசாக உட்காராது, நாக்கு உட்காராவிட்டால் துப்பாக்கி முழுசாக மூடாது, மூடாவிட்டால் ஊசி கேப்பைச் சரியாக எட்டாது. வெளியே வராத தோட்டாவும் வெடிக்காத தோட்டாவும் பல நேரம் ஒரே அழுக்கின் வேலை.

சுட்ட காலித் தோட்டா உள்ளேயே நின்றுவிட்டால் குழலைக் கழற்றி, வாய்ப் பக்கமிருந்து மரக்கோல் விட்டு மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால் கோலும் வேண்டாம், ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம், குழலைத் தனியாகக் கழற்றி ஆள் அண்டாத இடத்தில் வைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள்.

ஊசி மாற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது, கீல் இறுக்குவது, சேம்பரைப் பாலிஷ் செய்வது எல்லாம் அவர்கள் வேலைதான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும், தெரு லேத் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் சிக்கல், செய்தவருக்கும் சிக்கல். போகும்போது அசல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும், ரசீது வாங்குங்கள். எடுத்துவரும்போது டம்மி தோட்டா போட்டு உங்கள் முன்னாலேயே மூன்று தடவை தட்டிக் காட்டச் சொல்லுங்கள், மூன்றிலும் எக்ஸ்ட்ராக்டர் அதைத் தள்ளிக்கொடுக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.