கருத்துக்கணிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு லட்சம் பேரிடம் கேட்டதாகச் சொல்லும் கணிப்பை உடனே நம்பிவிடுகிறோம். ஆயிரம் பேரிடம் கேட்டதாகச் சொன்னால், ஆறு கோடி வாக்காளர் உள்ள மாநிலத்தில் ஆயிரம் பேர் எந்த மூலைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் ஒரே தவறுதான். எத்தனை பேர் என்பதைப் பிறகு பார்க்கலாம். அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் யார் விடுபட்டுப்போனார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மை. ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருந்தால்தான் உண்மை. கிளறாத பானையில் மேலாக எவ்வளவு அள்ளிப் பார்த்தாலும் அடியில் வெந்ததா என்று தெரியாது.

அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீத வாக்குகளோடு 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பெருமந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலரும் கவனிக்காத இன்னொரு கோளாறும் உண்டு: அட்டை கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஆட்சி மேல் கோபமாக இருந்தவர்கள் மெனக்கெட்டுப் பதில் எழுதினார்கள், மற்றவர்கள் அட்டையைத் தூக்கிப் போட்டார்கள். அதே தேர்தலில் மிகக் குறைந்த பேரிடம் கேட்ட ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். இன்று டிவி சேனலின் யூடியூப் பக்கத்திலோ எக்ஸ் தளத்திலோ இரண்டு லட்சம் பேர் 'வாக்களித்த' கணிப்பு ஒன்றைப் பார்த்தால் இந்த அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிழை வரம்பைப் பாதி படிப்பது

கணிப்பு எண் உண்மை நிலவரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதே பிழை வரம்பு. முறையாக, குலுக்கல் போல எடுத்த 1,000 பேர் மாதிரிக்கு அது கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதப் புள்ளி. 400 பேர் என்றால் 5, 2,500 பேர் என்றால் 2. மாநிலத்தின் மக்கள்தொகை இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

செய்தியில் "ஒரு கட்சி 42, எதிர்க்கட்சி 39, பிழை வரம்பு 3" என்று வரும். வித்தியாசம் 3, வரம்பும் 3, ஆகவே முன்னிலை ஓரளவு உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். அது தப்பு. அந்த 3 ஒவ்வொரு கட்சியின் எண்ணுக்குமான வரம்பு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு வரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும்; இந்தக் கணக்கில் 5.6. அதாவது உண்மை நிலவரம் 8 புள்ளி முன்னிலையாகவும் இருக்கலாம், இரண்டு புள்ளிக்கு மேல் பின்னடைவாகவும் இருக்கலாம்.

நேரில் போய்க் கேட்கும் கணிப்பில் இதுவும் போதாது. ஆயிரம் பேரை மாநிலம் முழுக்கத் தனித்தனியாகத் தேடிப் போக முடியாது. 50 வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்துச் சாவடிக்கு 20 பேரைப் பார்ப்பார்கள். ஒரே தெருக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்பதால், அந்த 20 பேர் 20 புதுச் சேதிகளைத் தருவதில்லை. இதனால் ஆயிரம் பேர் ஐந்நூறு பேருக்குத்தான் சமம் என்று வைத்தால் 3.1 வரம்பு 4.4 ஆகிவிடும். பல அறிக்கைகள் இதைச் சேர்க்காமலேயே '3' என்று போடுகின்றன.

அதைவிட மோசம், உட்பிரிவு எண்கள். ஆயிரம் பேரில் 18 முதல் 25 வயதுக்காரர் 120 பேர்தான் என்றால், 'இளைஞர்கள் இந்தப் பக்கம்' என்ற தலைப்புக்குப் பின்னால் இருப்பது 9 புள்ளி வரம்பு. 10,000 பேரிடம் கேட்டு 234 தொகுதிக்கும் வெற்றியாளரை அறிவித்தால், தொகுதிக்குக் கிடைத்தது 43 பேர், வரம்பு 15 புள்ளி. அந்தப் பட்டியலைப் படிக்கவே வேண்டாம்.

களத்தில் என்ன நடந்தது என்று கேட்காமல் விடுவது

நல்ல முறை எப்படி இருக்கும் என்று ஒரு சாவடியில் வைத்துப் பார்ப்போம். வாக்காளர் பட்டியலில் 1,200 பெயர், நமக்கு வேண்டியது 20. 1,200-ஐ 20-ஆல் வகுத்தால் 60. ஒன்றிலிருந்து 60-க்குள் குலுக்கலில் ஓர் எண், 17 வருகிறது. பிறகு 17, 77, 137 என்று அறுபது அறுபதாகத் தாண்டினால் 20 பெயர் கிடைக்கும். யாரைப் பார்ப்பது என்பதில் களப்பணியாளருக்கு எந்த உரிமையும் இல்லை என்பதுதான் இதன் பலம். லோக்நீதி அமைப்பின் தேர்தல் ஆய்வுகள் இப்படி வாக்காளர் பட்டியலிலிருந்தே ஆட்களை எடுக்கின்றன. வாக்கு யாருக்கு என்ற கேள்விக்கு மாதிரி ஓட்டுச்சீட்டைக் கையில் கொடுத்து, குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் வாய்விட்டுச் சொல்லாததை அந்தச் சீட்டு சொல்லும்.

சறுக்குவது இதற்குப் பிறகுதான். காலை பதினொரு மணிக்குத் தெருவுக்குள் போனால், 77-ஆம் பெயர்க்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். 137 நூறுநாள் வேலையில் இருப்பார். 197-இன் வீடு பூட்டியிருக்கும். மாலையில் இன்னொரு முறை, மறுநாள் காலை ஒரு முறை என்று மூன்று தடவையாவது வந்து பார்க்க வேண்டும். வராமல் பக்கத்து வீட்டில் இருந்தவரை எழுதிக்கொண்டால் மாதிரியில் வீட்டில் இருப்பவர்களே நிறைவார்கள், உழைக்கப் போனவர்கள் குறைவார்கள். ஓர் அறிக்கையில் 'தேர்ந்தெடுத்த பெயர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சந்தித்தோம்' என்ற எண் இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

விடுபட்டவர்களை எடை போட்டுச் சரிக்கட்டுவது வழக்கம். 700 ஆண், 300 பெண் சிக்கியிருக்கிறார்கள், ஆண்களில் 40 சதவீதமும் பெண்களில் 50 சதவீதமும் ஒரு கட்சிக்கு ஆதரவு என்றால் நேர்க்கணக்கு 43. சரிபாதியாக எடை கொடுத்தால் 45. தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம் என்பதால் இந்தத் திருத்தம் கட்டாயம். ஆனால் எடைக்கும் எல்லை உண்டு. பெண்கள் 50 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் ஒவ்வொருவர் பதிலையும் பத்துப் பேர் பதிலாக எண்ண வேண்டிவரும். நாலு பேர் மாற்றிச் சொன்னாலே முடிவு புரண்டுவிடும். எதற்கு எடை கொடுக்கவில்லை என்பதும் முக்கியம். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடை கொடுக்கவில்லை. பட்டதாரிகள் கணிப்புகளுக்கு அதிகம் பதில் சொல்பவர்கள், அவர்கள் கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். எண்கள் அதனால் ஒரு பக்கமாகச் சரிந்தன.

கேள்வியின் வார்த்தையைப் படிக்காமல் பதிலை நம்புவது

அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட சோதனை இன்றும் பாடமாக இருக்கிறது. ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை 'அனுமதிக்க வேண்டுமா' என்று ஒரு பிரிவினரிடம் கேட்டபோது 62 சதவீதம் கூடாது என்றார்கள். 'தடை செய்ய வேண்டுமா' என்று இன்னொரு பிரிவினரிடம் கேட்டபோது 46 சதவீதமே ஆம் என்றார்கள். பொருள் ஒன்றுதான், சொல் மாறியதும் 16 புள்ளி நகர்ந்துவிட்டது. கேள்வி வரிசையும் அப்படியே: விலைவாசி பற்றி மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஆட்சி எப்படி என்று கேட்டால் பதில் வேறாகத்தான் வரும்.

பதில் சொல்லாதவர்களைக் காணாமல் ஆக்குவதும் நடக்கிறது. 40 பேர் இந்தப் பக்கம், 35 பேர் அந்தப் பக்கம், 25 பேர் தெரியாது என்கிறார்கள். அந்த 25-ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் 53-க்கு 47. பெரும்பான்மை ஆதரவு என்று தலைப்பு வந்துவிடும்.

வாக்கு சதவீதத்தையும் இடங்களையும் குழப்பிக்கொள்வது

கணிப்பு அளப்பது வாக்கு விகிதத்தைத்தான். இடங்களின் எண்ணிக்கை அதன்மேல் கட்டும் யூகம். 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 44 சதவீதச் சொச்சம் வாங்கித் தமிழ்நாட்டின் 39-இல் 37-ஐப் பிடித்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-இல் திமுக கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39-உம் வென்றது. எதிரணி ஒன்றாக நிற்கிறதா பிரிந்து நிற்கிறதா என்பதே இங்கே தீர்மானிக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு அணிகளுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதிமுக 134, திமுக 89. பெரும்பாலான எக்சிட் போல்கள் திமுகவையே முன்னே வைத்திருந்தன. ஒரு புள்ளியைப் பிடிக்கும் கருவி யாரிடமும் கிடையாது.

பல கணிப்புகளின் சராசரியை எடுத்தால் பிழை கழிந்துபோகும் என்பதும் அரைகுறை உண்மை. ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் தப்பினால்தான் கழியும். 2024 ஜூன் 1 மாலை வெளியான எக்சிட் போல்களில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கும் மேல் கொடுத்தன. ஜூன் 4 அன்று வந்தது 293. எல்லாரும் ஒரே பக்கம் தப்பியிருந்தார்கள், சராசரியும் அதே பக்கம் தப்பியது.

நீங்களே சர்வே எடுக்கச் சொல்லும்போது

கம்பெனிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ ஏஜென்சி மூலம் சர்வே எடுப்பவர்கள் பணத்தையும் தேதியையும் மட்டுமே ரிஸ்க் என்று எழுதிவைக்கிறார்கள். பெரிய ரிஸ்க் பொய் ஃபார்ம். ஒரு கணக்குப் போடுங்கள்: கேள்வித்தாள் 25 நிமிடம், வீடு தேடி நடக்க 15 நிமிடம், ஆக 40. எட்டு மணி நேரத்தில் 12 பேருக்கு மேல் முடியாது. ஒப்பந்தத்தில் நாளுக்கு 25 என்று இலக்கு போட்டால், மீதி 13-ஐ டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பச் சொல்லி நாமே கட்டளையிட்டதாகிறது. இலக்கை 10-ஆகக் குறையுங்கள், நாள்கணக்கில் கூலி கொடுங்கள், ஃபார்ம் கணக்கில் வேண்டாம். களத்துக்குப் போகுமுன் 30 பேரிடம் கேள்வித்தாளை ஓட்டிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு 'என்ன கேக்குறீங்க?' என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு ஆள் மறுபடி போய் அல்லது போன் போட்டு, உண்மையில் வந்தார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று விசாரிக்க வேண்டும். டேப்லெட்டில் எடுத்தால் நேரப் பதிவு தானாக வரும். 25 நிமிடத் தாளை ஆறு நிமிடத்தில் முடித்த ஃபார்ம்களை முதல் நாள் இரவே பிரித்து வையுங்கள். பத்தாம் நாள் கண்டுபிடித்தால் மறுபடி எடுக்கப் பணமும் இருக்காது, நாளும் இருக்காது.

பிரிட்டனில் கணிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தவர்கள், முடிவு வெளியான இரண்டு வேலை நாளுக்குள் முழு அட்டவணையையும் கேள்வி வாசகங்களையும் இணையத்தில் போட வேண்டும். இங்கே சட்டம் தடுப்பது நேரத்தைத்தான்: கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை எக்சிட் போல் வெளியிடக் கூடாது. அதன்பின் திரையில் ஓடும் எண்ணுக்குப் பக்கத்தில் களப்பணித் தேதி, மாதிரி எடுத்த விதம், சந்தித்தவர்கள் சதவீதம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லை என்றால் சேனலுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.